அம்மாவுக்குக் கோணேசர், நண்பர்களுக்குக் கடல்: திருகோணமலையில் ஒரு நாள் போதுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஜூலையில் சென்னையிலிருந்து அம்மாவையும், ஜெர்மனியிலிருந்து வரும் இரண்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்கு வருகிறீர்கள். அம்மாவுக்குச் சாமி கும்பிட வேண்டும். நண்பர்களுக்குச் சுற்றிப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகுமா, அவர்களைக் கோயிலுக்குள் விடுவார்களா, மலை மேல் உள்ள சிவன் கோயிலான கோணேஸ்வரத்தைத் தவிர வேறு எங்கே போகலாம்?

விடுவார்கள். ஒத்தும் போகும். ஒரு நாளில் முக்கியமானதைப் பார்க்கலாம், இரண்டு நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். இவ்வளவுதான் பதில் என்றால் இதோடு முடித்திருப்பேன். ஆனால் வருகிறவர்கள் இந்த ஊர்க் கோயிலைப் பார்க்கும் விதத்தில் எனக்கு நீண்ட நாள் மனக்குறை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்றால், நிலாவெளி ஹோட்டலிலிருந்து பத்தரை மணிக்கு ஒரு வான் வெளிக்கிடும். கோட்டை வாசலில் நிற்காமலே உள்ளே போகும். மேலே இறங்கி, பெரிய சிவன் சிலைக்கு முன் ஒரு படம், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவில் ஒரு படம், கடலைப் பார்த்து ஒரு ஆச்சரியம். இருபது நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். வழிகாட்டி இராவணன் கதையை மட்டும் சொல்லியிருப்பார். கோணேஸ்வரம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் பார்த்தது அதில் ஒரு துண்டு. பழைய கோணேசர் கோயில் இன்று ஒரே இடத்தில் இல்லை. கொஞ்சம் கோட்டை வாசலில் இருக்கிறது, கொஞ்சம் மலை உச்சியில், கொஞ்சம் கடலுக்கு அடியில், கொஞ்சம் வயலுக்கு நடுவே தம்பலகாமத்தில். நீங்கள் இரண்டு விதமான ஆட்களோடு வருவதால் சொல்கிறேன்: இந்தத் துண்டுகளைத் தேடிப் போனால் அம்மாவும் நண்பர்களும் ஒரே வண்டியில் ஒரே ஆர்வத்தோடு வருவார்கள்.

கோட்டை வாசலில் ஆரம்பியுங்கள். பிரெட்ரிக் கோட்டை என்று பெயர். ஓட்டோவோ வானோ, வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து போங்கள். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். பாண்டியரின் கயல். ஒரு கோட்டைக்காரன் தன் வாசலுக்கு மீன் செதுக்குவானா? அது கோயில் கல். பக்கத்திலேயே தமிழ் எழுத்துப் பொறித்த கல் ஒன்றும் சுவரோடு சுவராக நிற்கிறது. சிதைந்து போய்விட்டது, எழுத்துக்கூட்டி முழுதாக வாசிக்க முடியாது. ஊரில் சொல்கிற வடிவம் இப்படித் தொடங்கும்: "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே". குளக்கோட்டன் என்ற பழைய அரசன் கட்டியதைப் பறங்கி பிரிப்பான், அதன் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆள்வார்கள் என்று போகும். எந்தக் கண் எந்த வெள்ளைக்காரனுக்கு என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். தீர்க்கதரிசனமாகச் சொன்னதோ, நடந்தபின் பாடியதோ, கோயில் இடிந்த கதையை இடித்த கல்லாலேயே கட்டிய வாசலில் நின்று வாசிப்பது ஒரு தனி அனுபவம். கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும்.

இடித்தது போர்த்துக்கேயர், 1622இல். சித்திரை வருடப் பிறப்பன்று சாமி ஊர்வலமாக ஊருக்குள் போயிருந்த நேரம், சிப்பாய்கள் ஐயர் வேடம் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார்கள் என்று சொல்வார்கள். மலையில் அப்போது மூன்று கோயில்கள் இருந்தன. கட்டளையிட்டவன் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. கல்லைப் பெயர்த்து அடுத்தடுத்த வருடங்களில் கோட்டை எழும்பியது. 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். இப்போதுள்ள பெயர் ஆங்கிலேயர் வைத்தது. இன்றைக்கும் உள்ளே இராணுவ முகாம்தான் இருக்கிறது, ஆகவே நண்பர்கள் கண்ட இடத்திலெல்லாம் கமெராவைத் தூக்க வேண்டாம், ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம். மான்களைத் தாராளமாக எடுக்கலாம். புள்ளிமான்கள் மாடு மாதிரி ரோட்டோரம் நிற்கும், அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழம் இருந்தால் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும்.

மேலே போகும் பாதையில் ஒரு பௌத்த விகாரையும் வரும், அதைத் தாண்டிக் கடைகள். கடைசிச் சரிவில் நடந்து ஏற வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். கடைக்காரர் கூப்பிடுவார்கள். சங்கு, மாலை, பனைப் பொருள், பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் கலந்து கிடக்கும். இந்தக் கடைகள் இங்கே இருக்கலாமா கூடாதா என்று ஊரில் ஓயாத வாக்குவாதம் உண்டு. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை, ஆனால் கச்சான் மட்டும் அங்கேதான் வாங்குவேன். கச்சான் என்றால் உங்கள் ஊர் வேர்க்கடலை. இலங்கையில் கோயில் என்றால் கச்சான் கடை இல்லாமல் கிடையாது.

இனி ஒரு எச்சரிக்கை. மதுரையையும் தஞ்சாவூரையும் பார்த்த கண்ணோடு அம்மா வந்தால், கோயிலைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்பார். இன்றுள்ள கட்டடம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது, கும்பாபிஷேகம் 1963இல். சிறிய கோயில்தான். ஆனால் உள்ளே இருப்பதன் கதை பெரியது. கோயில் இடிந்து 300 வருடத்துக்கும் மேலான பிறகு, 1950இல், ஊருக்குள் கிணறு வெட்டுவதற்கு மண்ணைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. யாரோ ஒருவர், படை வரும் செய்தி கேட்டோ வந்த பிறகோ, அவசரத்தில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுக்க அவர் திரும்பி வரவில்லை. அந்த மண்வெட்டிச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். கோயிலில் சாமி கும்பிடும்போது அம்மாவுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், அதன் பிறகு கட்டடத்தின் அளவைப் பற்றிக் கேட்க மாட்டார்.

நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது கடல் பக்கத்துக் கதை. இடித்ததில் ஒரு பங்கு பாறையிலிருந்து கடலுக்குள் உருண்டது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் கோயில் நிற்கும் இந்தச் சுவாமி மலை அடியில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் பார்த்தார்கள். கிளார்க் அதைப் புத்தகமாகவும் எழுதினார். விண்வெளிக் கதை எழுதியவர் என்று உங்கள் நண்பர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும், எங்கள் ஊரில் அவரைக் கடலுக்குள் கோயில் பார்த்த வெள்ளைக்காரர் என்று சொன்னால்தான் விளங்கும். மைக் வில்சன் பின்னாளில் காவி கட்டி சுவாமி சிவகல்கி ஆகிவிட்டார். மூழ்கிப் பழக்கம் உள்ளவர்கள் என்றால் உப்புவெளிப் பக்கத்து டைவிங் கடைகளில் சுவாமி மலை அடிக்குப் போக முடியுமா என்று கேட்கட்டும், அது அந்த நாளின் கடலைப் பொறுத்தது.

சரி, கும்பிடுகிற விஷயத்துக்கு வருவோம். பூசை நேரத்துக்குப் போங்கள், இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். காலைப் பூசையோ மாலைப் பூசையோ நல்லது. நேரத்தை முதல் நாளே கோயிலில் கேட்டு வையுங்கள், விசேட நாட்களில் மாறும். பூசை இல்லாத நேரத்தில் இது அழகான மலையில் உள்ள ஒரு கட்டடம். மணி அடித்து, தவில் எழும்பி, திரை விலகும் நேரத்தில் வெளியே அலையும் சேர்ந்து அடிக்கும். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலை" என்று 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடினார் அல்லவா, அதில் முதலில் வருவது சத்தம்தான், குரைகடல். அவர் இங்கே வந்ததில்லை, இராமேஸ்வரத்தில் நின்று பாடினார் என்பது வழக்கு. ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டே, இதுவும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும். அம்மாவுக்குப் பதிகம் தெரிந்திருந்தால் உள்ளே பாடச் சொல்லுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள், பக்கத்தில் நிற்கும் கிழவிகள் சேர்ந்து பாடவும் கூடும். அம்மனுக்கு இங்கே மாதுமையாள் என்று பெயர், அர்ச்சனைக்குச் சொல்லும்போது தெரிந்திருக்கட்டும்.

கடலைப் பார்ப்பதைச் சுற்றுலாவென்றும், சந்நிதியில் நிற்பதைப் பக்தியென்றும் இங்கே பிரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் இல்லாமல் வெறும் பாறையாகக் கிடந்த காலத்திலும் சனம் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ஐயர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று பூசை செய்து பூவையும் தேங்காயையும் சோற்றையும் கீழே கடலுக்குள் போடுவார் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கடலே மூலஸ்தானம். ஆகவே உங்கள் நண்பர்கள் விளிம்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்தால், அம்மாவுக்குச் சங்கடம் வேண்டாம்.

ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. செருப்பைக் கீழேயே கழற்ற வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது ஒரு தவம். நான் பார்த்திருக்கிறேன், வெள்ளைக்காரர் ஒருவர் நிழல் விட்டு நிழல் தவளை மாதிரிப் பாய்ந்து போனார், பின்னால் மனைவி சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் நின்றார். ஒன்பது மணிக்கு முன்னரோ நாலரை மணிக்குப் பின்னரோ போனால் இந்த வம்பு இல்லை. முழங்கால் மூடிய உடுப்பு, தோள் மூடிய சட்டை. மறந்துவிட்டால் ஒரு சாரம் (உங்கள் ஊர் லுங்கி) கட்டினால் போதும். உள்ளே ஆண்கள் மேற்சட்டை கழற்றுவது எங்கள் வழக்கம். சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது, வெளியில் எடுக்கலாம், கும்பிட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே எடுக்காதீர்கள். நண்பர்கள் கும்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஐயர் திருநீறு நீட்டினால் வலது கையால் வாங்கிக்கொண்டால் போதும், பூசிக்கொள்வதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

இராவணன் வெட்டை நான் பழிக்கவில்லை, பார்க்க வேண்டிய இடம்தான். மலையை வாளால் பிளந்தது போல நேர்கீழாக ஒரு வெடிப்பு, அடியில் நீலக்கடல். தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்பது கதை. கைகூப்பிய இராவணன் சிலை ஒன்றும் நிற்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த கைலாய மலையைத் தூக்கிய இராவணன்தான் இவனும். இந்த மலையைத் தட்சிண கைலாசம் என்று சொல்வதால் அந்தக் கதையும் கூடவே தெற்கே இறங்கி வந்துவிட்டது என்பது என் கணிப்பு. அங்கே ஒரு மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கட்டித் தொங்கும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டுவது. காற்றில் வெறுந்தொட்டில்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் நண்பர்கள் தாங்களாகவே கமெராவை இறக்கிவிடுவார்கள். இன்னொன்று, ஒல்லாந்த மொழி பொறித்த பழைய தூண், 1687 என்று வருடம் போட்டது. பிரான்சினா வான் ரீட் என்ற பெண் காதலன் கப்பலில் போவதைப் பார்த்து இங்கிருந்து குதித்தாள் என்று கதைப்பார்கள். அவள் அதன் பிறகு கல்யாணம் கட்டி வாழ்ந்ததற்குப் பதிவு இருக்கிறது. தூண் மட்டும் பழைய கோயிலின் தூண் என்கிறார்கள். அதாவது கோயிலின் இன்னொரு துண்டு.

வருகிறவர்களில் பாதிப்பேர் சிங்களக் குடும்பங்களாக இருப்பதைப் பார்த்து உங்கள் நண்பர்கள் ஆச்சரியப்படலாம். தென்பகுதியிலிருந்து பஸ் பிடித்து வந்து, பழத்தட்டு வாங்கி, தேங்காய் உடைத்து நேர்த்தி வைப்பார்கள், பிறகு கடலில் குளிக்கப் போவார்கள். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? யாத்திரைக்காரரும் அவர்களே, உல்லாசப் பயணிகளும் அவர்களே. எங்கள் ஆட்களும் கதிர்காமத்துக்குப் போனால் அப்படித்தான். வைகாசிப் பக்கம் வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர் இந்த ஊர் வழியாகப் போவதைப் பார்க்கலாம், வேலோடும் மூட்டையோடும். நீங்கள் வரும்போது அவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போங்கள். காளி கோயில் என்றால் ஓட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார். உள்ளே அண்ணாந்து பார்த்தால் ஒரு அங்குலம் விடாமல் நிறம். சுவரும் கூரையும் தூணும் சிலைகளும் சித்திரமுமாக நிறைந்திருக்கும், நண்பர்களுக்குக் கழுத்து வலிக்கும். இது ஊர்க்காரர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கும் கோயில், கோணேஸ்வரத்தில் கிடைக்காத ஒரு வீட்டுப்பாங்கு இங்கே உண்டு. மாலையில் நல்லது.

கன்னியா வெந்நீர் ஊற்றை எல்லாரும் சொல்வார்கள். ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவில், அனுராதபுரம் போகும் பக்கம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளலாம், நீந்துகிற இடம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் வரவழைத்த இடம் என்பது ஐதிகம், அதனால் எங்கள் சனம் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையை இங்கே செய்வது வழக்கம். நீங்கள் போகும் நேரம் ஒரு குடும்பம் தகப்பனுக்கோ தாய்க்கோ கிரியை செய்துகொண்டிருந்தால், நண்பர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இந்த இடம் யாருக்கு என்று தொல்லியல் பக்கமும் கோயில் பக்கமும் வழக்கும் போராட்டமும் நடந்திருக்கிறது, அதைப் பற்றி அங்கே நின்று உரக்க விவாதிக்காமல் இருப்பது உத்தமம். அரை மணி நேரம் போதும்.

எனக்குப் பிடித்தது தம்பலகாமம். சுமார் 25 கிலோமீட்டர். பெரும்பாலும் சுற்றுலா வான் அங்கே போகாது. 1622இல் காப்பாற்றிய மூர்த்திகளை ஒளித்து வைத்து வழிபட்டு, பிறகு இந்த வயல் நடுவே கோயில் கட்டி வைத்தார்கள் என்பதால் ஆதிகோணேஸ்வரம் என்று பெயர். சுற்றிவர நெல்வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் நிலம். அந்தக் குளமும் குளக்கோட்டன் கட்டியதாகவே எங்கள் மரபு சொல்கிறது: கோயிலுக்கு நெல் வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் குளம். கோணேசர் கல்வெட்டு என்று கவிராசவரோதயர் பாடிய நூல் ஒன்று உண்டு. பெயர் கல்வெட்டு என்றாலும் ஏட்டில் உள்ள பாட்டு. அதில் தானத்தார், வரிப்பத்தார் என்ற கோயில் ஊழியக்காரரில் யார் யாருக்கு எந்தத் தொழும்பு (கோயில் வேலை), யார் விளக்கு, யார் நெல் என்று பங்கு பிரித்திருக்கும். கோணேஸ்வரத்தில் கடலைப் பார்த்துவிட்டுத் தம்பலகாமத்தில் வயலைப் பார்த்தால்தான் ஒரு பெரிய கோயில் எப்படிச் சாப்பிட்டு வாழ்ந்தது என்று விளங்கும். கோயில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், மத்தியானம் பூட்டியிருக்கும்.

இரண்டாவது நாள் இருந்தால் வெருகல். தெற்கே, மட்டக்களப்பு எல்லையில், ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி என்ற முருகன் கோயில். முன்பெல்லாம் வழியில் ஆற்றுக்கு ஆறு "பாதை"யில் வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டும். (எங்கள் ஊரில் பாதை என்றால் இரும்புத் தெப்பம், ரோடு அல்ல. இந்தக் குழப்பம் உங்கள் ஊர்க்காரருக்கு எப்போதும் வரும்.) 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணம் சுலபம். வடக்கே சாம்பல்தீவுப் பக்கம் சல்லி அம்மன் கோயிலும் கடலோரம்தான், நிலாவெளி போகும்போது ஒரு நடை எட்டிப் பார்க்கலாம்.

ஜூலை நல்ல மாதம். கடல் அமைதி, மழை இல்லை, கச்சான் காற்று வீசும். இது வேர்க்கடலை அல்ல, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, உதடு வெடிக்கும். தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும், வழியில் செவ்விளநீர் குடியுங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் காலையில் இறங்கலாம், ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே நாள் என்றால் என் கணக்கு இது: காலையில் கோட்டை வாசல், மலை, பூசை. வெயில் ஏறுமுன் இறங்கித் தேத்தண்ணி. மத்தியானம் அம்மா தூங்கட்டும், நண்பர்கள் கடலுக்குப் போகட்டும். மூன்றரைக்குத் தம்பலகாமம், திரும்பும்போது காளி கோயில். கன்னியாவை விட்டுவிட்டாலும் குறை இல்லை.

அம்மா மாலைப் பூசைக்கும் மலைக்குப் போக ஆசைப்பட்டால், காளி கோயிலை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும், மான்கள் ரோட்டு நடுவிலேயே படுத்துக் கிடக்கும். ஓட்டோக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.